எலுமிச்சம்பழமும் எங்கள் சின்ன ரயிலும்

என் வலது கால் செருப்பு கீழே சாலையில் போய் விழுந்ததை நான் மேலே நின்றபடி பார்த்தேன். மூன்று மாடி உயரம் இருக்கும். ஒரு டாக்சி அதைச் சுற்றி ஒதுங்கிப் போனது.

நான் நின்றது ரயில் பாதையில். சிங்கப்பூரில், சுவா சூ காங் பக்கம் எங்கள் பேட்டைக்குள் சுற்றி ஓடுகிற எல்.ஆர்.டி.யை எங்கள் வீட்டில் சின்ன ரயில் என்போம். சாலைக்கு மேலே, தூண்கள் மீது, ரப்பர் சக்கரத்தில் போகும். ஓட்டுநர் கிடையாது. அன்றைக்கு மத்தியானம் நான் வேலை முடிந்து வரும்போது இரண்டு நிலையங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. விளக்கு அணைந்தது. ஏர்கான் நின்றது. ரொம்ப நேரம் கழித்து ஆட்கள் வந்து கதவைத் திறந்து, பாதையோரம் ஒரு ஆள் நடக்கிற அகலத்தில் இருந்த வழியில் எங்களை வரிசையாகக் கூட்டிப்போனார்கள். பத்திரமாகத்தான் கூட்டிப்போனார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். "ஸ்லோ ஸ்லோ ஆன்ட்டி, கீழ பாக்காதீங்க" என்று கைகாட்டினார்கள். கீழே பார்க்காதே என்றால் பார்க்கத்தானே தோன்றும். பார்த்தேன். கால் தடுக்கியது. செருப்பு போய்விட்டது. வேலை செய்கிற கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த வாழை இலைச் சுருளை மட்டும் நான் விடவில்லை.

வீட்டில் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒற்றைச் செருப்பை எங்கே மறைப்பது? மகனுக்கு அன்று விடுமுறை. கதவைத் திறந்தவன் என் காலைத்தான் முதலில் பார்த்தான்.

"இன்னொண்ணு எங்கம்மா?"

"ரோட்டுல."

"ரோட்டுலயா? அப்ப நீ எங்க இருந்த?"

"ரோட்டுக்கு மேல."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். மகன் சிரிக்கவில்லை. அவனுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும், அவன் அப்பாவைப் போல.

"போதும்மா. இந்த வயசுல தண்டவாளத்துல நடக்கணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? வேலைய விட்டுடு. இங்க என்ன குறைச்சல்?"

குறைச்சல் ஒன்றும் இல்லை. அந்த வேலை எனக்கு எதற்கு வேண்டும் என்பதைத்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். சொல்ல வேண்டிய நேரத்தில் வாய் வராது. மருமகள்தான் உள்ளேயிருந்து வந்து, "ஒரு சான்ஸ் குடுங்க லா, பாவம் அத்தை" என்றாள்.

"சரி. ஒரே ஒரு சான்ஸ். இன்னொரு தடவை நீ உள்ள இருக்கும்போது அது நடு வழியில நின்னுச்சுன்னா, மறுநாளே வேலைய விட்டுடணும். சாமி முன்னாடி சொல்லு."

சாமி படத்தைப் பார்த்துத் தலையாட்டினேன். அந்த நிமிஷத்திலிருந்து என் வேலை அந்த ரயிலின் கையில் போய்விட்டது.

என்ன பெரிய வேலை என்று கேட்கலாம். நம் ஆட்களின் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் வாழை இலை நறுக்குகிற வேலை. மலேசியாவிலிருந்து கட்டுக் கட்டாக வரும். கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். கிழிசல் இருந்தால் ஊசி குத்தின மாதிரி வெளிச்சம் தெரியும். அதை ஒதுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் ரசம் மேசைக்குப் போய்விடும். நல்லதைத் துடைத்து, நடு நரம்பைச் சீவி, நுனி இலை தனி, ஏடு தனி என்று அடுக்க வேண்டும். நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். வீட்டில் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசிச் சிரிக்கும்போது நானும் சேர்ந்து சிரிப்பேன், எதற்கென்று தெரியாமல். கடையில் அப்படி இல்லை. "அக்கா வந்தாச்சா? அப்ப இலை பத்திக் கவலை இல்ல" என்று முதலாளியம்மா சொல்லுவார். நாள் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசாமல், அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு வருவேன். அதற்காகத்தான் அந்த வேலை.

காலை ஏழு மணிக்குக் கடையில் இருக்க வேண்டும். முதல் சின்ன ரயிலைப் பிடித்து, பெரிய ரயிலுக்கு மாறி, தேக்காவில் இறங்கினால் நேரம் சரியாக இருக்கும். பஸ்ஸில் போனால் இரண்டு மாற வேண்டும், முழங்காலும் ஒத்துக்கொள்ளாது.

அந்த நாட்களில் சின்ன ரயிலைத் திட்டாத ஆள் எங்கள் பேட்டையில் இல்லை. வளைவுகளில் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டு, யோசித்து, பிறகு உள்ளே வரும். காப்பிக்கடையில் ஒரு மலாய்க்காரர், "இதுக்கு என் பாட்டியே தேவலை, நடந்தாவது போய்ச் சேருவா" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மலாயில் சொல்லுவார். நான் மட்டும் திட்டவில்லை. திட்டினால் இன்னும் நின்றுவிடுமோ என்று பயம். இத்தனை பேர் வாயும் கண்ணும் பட்டால் எதுதான் ஓடும்?

அப்படி யோசித்ததில்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, தேக்கா சந்தையில் நல்ல எலுமிச்சம்பழம் ஒன்றும் பச்சை மிளகாய் ஏழும் வாங்கிக் கயிற்றில் கோத்தேன். சனிக்கிழமை விடியற்காலை எங்கள் நிலையத்துப் படிக்கட்டுக் கைப்பிடியின் அடியில், யார் கண்ணிலும் படாது என்று நினைத்த இடத்தில் கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல மேலே போனேன். ரயில் வந்தது. நிற்காமல் போனது. ஞாயிறும் திங்களும் அப்படியே. எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

செவ்வாய்க்கிழமை காலை நிலையத்து வாசலில் ஒரு ஆள் என் எலுமிச்சம்பழத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். ஆரஞ்சு நிற மேல்சட்டை, நரைத்த தாடி, வயது ஐம்பதை நெருங்கும். தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போகப் பார்த்தேன்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க. இது உங்களுதுதானே?"

தமிழ் ஆள். எனக்கு வேர்த்துவிட்டது.

"கேமராவுல இருக்கும்மா. சுத்தம் பண்றவங்க பயந்துட்டாங்க, யாரோ சூனியம் வச்சுட்டாங்கன்னு. பொட்டலம் எதையும் இப்படி விட்டுட்டுப் போகக் கூடாது, தெரியும்ல?"

"ஃபைன் போடுவீங்களா தம்பி?"

அவர் பழத்தை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார்.

"எங்க உம்மாவா இருந்தா ஓதி ஊதியிருப்பாங்க. நீங்க பழம் கட்டியிருக்கீங்க. ஃபைன் எல்லாம் இல்லம்மா. ஆனா இதுக்குக் கண்ணும் படல, காத்தும் படல. வயசாயிடுச்சு, அவ்வளவுதான். கரண்டு வர்ற கம்பி தேஞ்சு போச்சு. சிக்னல் பழசு. வண்டியும் பழசு. மூணையும் மாத்தப் போறோம்."

"மாத்துற வரைக்கும் ரயில் ஓடாதா?" எனக்கு அதுதான் பயம்.

"ஓடும். ஓட ஓடத்தான் மாத்தணும். உங்கள எல்லாம் வீட்டுல உக்கார வைக்க முடியுமா?"

ஓட ஓட மாற்றுவது என்றால் என்னவென்று எனக்கு அன்று விளங்கவில்லை. போகப் போகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கடைசி ரயில் போனதும் ஏறுவார்கள். முதல் ரயிலுக்கு முன் இறங்கிவிடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் கொஞ்சம் பழையதைக் கழற்றி, கொஞ்சம் புதியதைப் போட்டு, எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுப் போக வேண்டும். காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி ரயில் ஓட வேண்டும். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்காக.

நான் நிலையத்துக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே போகிற பழக்கம். கதவு திறக்கும் வரை கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். விடியும் முன் அவர்கள் இறங்கி வருவதைப் பார்ப்பேன். முகமெல்லாம் கருப்பு, உடம்பெல்லாம் வேர்வை. இறங்கியதும் யாரும் டீ குடிக்க ஓடமாட்டார்கள். தரையில் ஒரு கித்தானை விரித்து, கொண்டுபோன ஒவ்வொரு சாமானையும் அதன்மேல் வைப்பார்கள். ஒருவர் கையில் தாளை வைத்துக்கொண்டு படிப்பார், இன்னொருவர் தொட்டுக் காட்டுவார். ஸ்பேனர், விளக்கு, கையுறை, ஒரு சின்னத் திருகாணிப் பெட்டி. ஒருநாள் ஏதோ ஒன்று குறைந்துவிட்டது. இரண்டு பேர் திரும்பி மேலே ஏறினார்கள். கைவிளக்கு வெளிச்சம் பாதையில் மெல்ல மெல்ல நகர்ந்து போவதைக் கீழேயிருந்து பார்த்தேன். எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் முதல் ரயில். அது என் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு இரும்புத் துண்டு.

வெளிச்சத்துக்கு நேரே இலையைத் தூக்கிப் பிடிக்கிற எனக்கு அது புரிந்தது. அன்றைக்குக் கடையில் ஐந்து நிமிஷம் தாமதம். முதலாளியம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், வாழ்க்கையில் முதல் தடவையாக நிறையச் சொல்லியிருப்பேன்.

கம்பி மாற்றுகிற காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நிலையத்தைத் தாமதமாகத் திறப்போம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். தமிழிலும் இருந்தது. எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். கடையில் ஞாயிறுதான் கூட்டம். அன்றைக்கு நான் தாமதமாகப் போனால் யார் இலை நறுக்குவார்கள்? இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. பிறகு முதலாளியம்மா எதிரே போய் நின்றேன்.

"என்னக்கா? உடம்பு சரியில்லையா?"

"ஞாயித்துக்கிழமை இலைய சனிக்கிழமையே நறுக்கி, ஈரச் சாக்குல சுத்தி வச்சிடட்டுமா? வாடாது. நான் பொறுப்பு."

அவர் கையில் இருந்த போனைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, இத்தனை வருஷத்துல நீங்க இவ்வளவு நீளமாப் பேசி இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றார். இலை வாடவில்லை. நான் சனிக்கிழமைகளில் கூடுதல் நேரம் நின்றேன், ஞாயிறு பத்து மணிக்கு மேல் மெதுவாகப் போனேன். ரயிலுக்கு அவர்கள் வழி கண்டுபிடித்தார்கள் என்றால், இலைக்கு நானும் ஒன்று கண்டுபிடிக்க வேண்டாமா?

கம்பி மாறியதும் சத்தம் மாறியது. முன்பு ரயில் வருகிறதென்றால் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி கேட்கும். இப்போது வந்து நிற்பதே தெரியாது. சிக்னல் மாறியதும், நிலையத்துக்கு முன்னால் நின்று யோசிக்கிற புத்தி ரயிலைவிட்டுப் போய்விட்டது. பிறகு ஒரு நாள் புது வண்டி வந்தது. உள்ளே கைப்பிடிகள் எனக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கின. வளைவில் ஆளைத் தூக்கிப் போடுவதற்குப் பதிலாக, தோளில் கைவைத்துத் திருப்புகிற மாதிரி திரும்பியது. காப்பிக்கடை மலாய்க்காரரும் அன்று ஏறியிருந்தார். "பரவால்ல, என் பாட்டியவிட வேகம்தான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும், எதற்கென்று தெரிந்தே சிரித்தேன்.

சத்தியம் மட்டும் அப்படியே இருந்தது. மகன் மறக்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது, "என்ன, உன் ரயில் ஒழுங்கா இருக்கா?" என்று கேட்பான். "இருக்கு" என்பேன்.

அந்த மழைக்கால வியாழக்கிழமை வந்தது. விடியற்காலை எழுந்து துவைத்த துணிகளை மூங்கில் கம்பில் மாட்டி, சமையலறை ஜன்னலுக்கு வெளியே நீட்டிவிட்டுக் கிளம்பினேன். வானம் மூடியிருந்தது. காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. நேரமாகிவிட்டது என்று ஓட்டமும் நடையுமாகப் போய் ரயிலில் ஏறினேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை போகிறது. வீட்டுக்குள் இருப்பவர்களை ரயிலில் போகிறவர்கள் பார்க்கக்கூடாதென்று, அந்த இடம் வந்ததும் ஜன்னல் கண்ணாடி தானாகப் பால் மாதிரி வெள்ளையாகிவிடும். அன்றும் வெள்ளையானது. அப்படியே ரயில் நின்றுவிட்டது.

விளக்கு அணையவில்லை. ஏர்கான் நிற்கவில்லை. ஆனால் நின்றுவிட்டது, நடு வழியில்தான். வெளியே ஒன்றும் தெரியவில்லை. என் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன். இந்த இலை, இந்தக் கத்தி, "அக்கா வந்தாச்சா" என்கிற அந்த ஒரு வார்த்தை, எல்லாம் இன்றோடு சரி.

எதிரே ஒரு சீனக் கிழவி, மார்க்கெட் தள்ளுவண்டியோடு. என்னைவிட வயதில் மூத்தவர். கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் யாரிடமும் போய்ப் பேசுகிறவள் இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும், பாதையில் ஒற்றைச் செருப்போடு நின்ற என் முகம்தான் நினைவுக்கு வந்தது. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பழைய ஆட்களுக்கு மலாய் புரியும். "தாக் அப்பா அப்பா," என்றேன். ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள் என்று அர்த்தம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒலிபெருக்கியில் ஒரு குரல் ஏதோ சொன்னது. நான்கு மொழியில் சொன்னது, தமிழில் கடைசியாக: பாதையில் ஒரு பொருள் இருக்கிறது, எடுத்துக்கொண்டிருக்கிறோம், அமைதியாக இருங்கள். தமிழில் கேட்டதும் நானும் மூச்சு விட்டேன்.

ஒரு காப்பி ஆறுகிற நேரம்கூட இருக்காது. ரயில் மெல்ல அசைந்து, நகர்ந்து, அடுத்த நிலையத்தில் போய் நின்றது. கதவு திறந்தது. சீனக் கிழவி என் கையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

பிளாட்பாரத்தில் அந்த நரைத்த தாடிக்காரர் நின்றார். நான் பெரிய ரயிலுக்கு மாறுகிற இடம் வரை போகாமல் அங்கேயே இறங்கி அவரிடம் போனேன். நேராகக் கேட்டுவிட்டேன்.

"தம்பி, இது மறுபடியும் கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. வண்டி கெடல. துணி ஒண்ணு பறந்து பாதையில விழுந்திருக்கு. பின்னாடி நிலையத்துல நம்ம ஆளு பாத்துட்டுச் சொன்னான், உடனே நிறுத்திட்டாங்க. எடுத்தாச்சு, ஓட்டியாச்சு. முன்னாடி மாதிரின்னா நீங்க இந்நேரம் பாதையில நடந்துகிட்டு இருப்பீங்க."

பிறகு கையில் இருந்த வாக்கிடாக்கியில் ஏதோ பேசினார். கொஞ்ச நேரத்தில் அடுத்த ரயிலில் வந்த ஒரு ஊழியர் அவரிடம் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். அவர் அதைப் பிரித்துப் பார்த்தார்.

பச்சைக் கட்டம் போட்ட கைலி. ஓரத்தில் நீலத் துண்டு வைத்துத் தைத்த ஒட்டு. பேரனுடைய பழைய பள்ளிச் சட்டையிலிருந்து வெட்டி நான்தான் தைத்தேன்.

காலையில் அவசரத்தில் கிளிப் போடாமல் மாட்டியிருக்கிறேன்.

பேசாமல் போயிருக்கலாம். கைலியில் யார் பெயரும் இல்லை. ஆனாலும் வாய் திறந்தது.

"தம்பி, அது எங்க வீட்டுது."

அவர் கைலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போன தடவை எலுமிச்சம்பழம். இந்தத் தடவை கைலி. அடுத்த தடவை என்னம்மா, ஆட்டுக்கல்லா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முகம் மாறியது. "சிரிக்கிற விஷயம் இல்லம்மா. சக்கரத்துல சுத்தியிருந்தா பெரிய வேலை. ரெண்டு ரெண்டு கிளிப் போடுங்க" என்றார். பெயர், வீட்டு எண் எழுதிக்கொண்டார். பையை என் கையில் கொடுத்து, "ஓடுங்க, இலை காத்திருக்கும்" என்றார். இலை நறுக்குகிறேன் என்று எப்போது சொன்னேன்? மத்தியானம் திரும்பும்போது என் பையிலிருந்து எட்டிப்பார்க்கிற இலைச் சுருளை இத்தனை நாளும் பார்த்திருக்கிறார் போல.

அன்று சாயங்காலம் மகன் வேலை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. வழக்கம்போலத்தான் கேட்டான்.

"என்ன, உன் ரயில் ஒழுங்கா இருக்கா?"

"இன்னிக்கு நின்னுச்சு."

"நடு வழியிலயா?"

"நடு வழியில."

"நீ உள்ள இருந்தியா?"

"இருந்தேன்."

மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். மகன் நாற்காலியில் உட்கார்ந்தான். "சாமி முன்னாடி என்ன சொன்ன? ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நாளைக்கே விட்டுடுறேன். அதுக்கு முன்னாடி, அது எதுக்கு நின்னுச்சுன்னு பாத்துடு." பையை மேசைமேல் வைத்தேன்.

அவன் பிரித்தான். கைலியை வெளியே எடுத்தான். அந்த நீல ஒட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்னுதுல்ல?"

"உன்னுதுதான். தண்டவாளத்துல கிடந்துச்சு. கிளிப் போடாதது நான். ரயில் மேல ஒரு தப்பும் இல்ல. வழியில நம்ம துணி கிடந்துச்சு, பாத்து நின்னுச்சு. எடுத்ததும் போயிடுச்சு. நாலு வருஷமா அந்த ஆளுங்க வேர்வை சிந்தி அதை நடக்க வச்சிருக்காங்க. அது நின்னுச்சுன்னு நான் வேலைய விட்டா, அவங்க மேல பழி போட்ட மாதிரி ஆகும். சத்தியம் பண்ணினது நான், விடணும்னா விடுறேன். ஆனா காரணம் கேட்டா உன் கைலின்னுதான் கடையில சொல்லுவேன்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

மருமகளால் தாங்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தேக்கா பூரா உங்க கைலி ஃபேமஸ் ஆயிடும் லா" என்றாள். மகன் கைலியை மடித்தான். அவன் துணி மடித்து நான் பார்த்ததே இல்லை. மடித்து வைத்துவிட்டுச் சமையலறை ஜன்னலுக்குப் போய், வெளியே மூங்கில் கம்பு மாட்டுகிற துளையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பாதை அங்கிருந்து எவ்வளவு பக்கம் என்று அவன் அதற்கு முன் கவனித்திருக்க மாட்டான். அந்த நேரம் ஒரு ரயில் போனது. புது வண்டி. சத்தமே இல்லாமல், ஜன்னலெல்லாம் வெள்ளையாகி, எங்கள் வீட்டைப் பார்க்காமல் போனது.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டான், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

"எப்பவும் போலத்தான்."

மறுநாள் விடியற்காலை நான் எழுந்தபோது துணிகளை அவனே கம்பில் மாட்டியிருந்தான். பச்சைக் கைலிக்கு மட்டும் ஆறு கிளிப் போட்டிருந்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனேன்.